கடல் கடந்த வைத்தியப் பயிற்சி: யாழ்ப்பாணத்து வைத்தியர் சென்ற வழியும் மீண்ட வழியும்

1847 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயதினரான வைத்தியர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்தினின்றும் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். வைத்தியம் செய்வதும் வைத்தியம் கற்பிப்பதும் அவர் மேற்கொண்ட பணிகள். ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழிந்த இக்காலத்திலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வைத்திய பீடத்தில் பட்டம் பெற்று வெளியேறுவோருட் சிலர், அதே அமெரிக்க நாட்டு வைத்தியசாலைகளில் வதிவிடப் பயிற்சி பெறுவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். அன்று ஆசிரியர் மாணவரைத் தேடிக் கடல் கடந்தார். இன்று மாணவர் ஆசிரியரைத் தேடிக் கடல் கடக்கின்றனர். இத்திசைமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, சென்றவர் மீள்வதற்கும் மீளாமைக்கும் எவை ஏதுக்களாயின என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறீன் வருமுன்னரே மேனாட்டு வைத்தியம் குடாநாட்டிற் புகுந்துவிட்டது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820 இற் பண்டத்தரிப்பிலே வைத்தியப் பணியைத் தொடங்கினார். எனினும், இந்நாட்டவரையே வைத்தியராக்குதல் வேண்டும் என்னும் கருத்தை முறையாகச் செயற்படுத்தியவர் கிறீனே. வட்டுக்கோட்டையிலே சில மாணவருடன் தொடங்கிய அவரது வகுப்பு, பின்னர் மானிப்பாய்க்கு மாறியது. முதற்கண் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்றிருந்த அவர், 1862 இல் மீண்டு வந்து, 1864 இலிருந்து தமிழிலே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

தமிழில் வைத்தியங் கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? அவற்றையும் அவரும் அவர் மாணவருமே ஆக்கினர். 1857 இல் 'பிரசவ வைத்தியம்', 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கலைச்சொல் ஆக்குவதிலும் அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். தமிழிலே தகுந்த சொல் உளதாயின் அதனையே கொள்ளுதல், இல்வழி வடமொழியை நாடுதல், அதுவும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இசைய எழுதுதல் என்பதே அவ்வொழுங்கு. 'கெமிஸ்தம்' என்னும் பெயரே இதற்குச் சான்று. அவரது மதப்பணியை நம் முன்னோர் எதிர்த்தனர்; அவ்வெதிர்ப்பிலிருந்தே இத்தகைய இந்துக் கல்லூரிகளும் தோன்றின. ஆயினும் அவரது தமிழ்ப்பணியைப் பாராட்டுவதில் எவரும் பின்னின்றாரல்லர். கவிஞர் அம்பி அவர் வரலாற்றை ஆராய்ந்து நூலெழுதியமை பலரும் அறிந்ததே.

கிறீன் தமிழுக்கு மாறியதன் ஏது நமது ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. மொழிப்பற்று மாத்திரம் அவரை அவ்வழியிற் செலுத்தவில்லை. ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டகல்வான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்தாரிடையே தங்குவான் என அவர் கண்டார். கல்வி பெற்றவனை ஊரிலே நிறுத்தி வைக்கும் நங்கூரமாக மொழியை அவர் கருதினார் எனலாம். இஃது ஆழமான கருத்து. ஆனால் இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. தமிழிலே கற்றவன் கிராமத்துக்குப் பயன்பட்டான். ஆனால் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டில் தன் பெயரைப் பொறிக்கும் தகுதியை அவன் பெற்றானல்லன். ஊருக்கு நன்மையாயது மாணவனுக்குத் தடையாயிற்று. ஊரின் தேவையும் மாணவனின் ஆசையும் ஒன்றையொன்று இழுக்கும் இந்நிலை, பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் வெவ்வேறு வேடம் புனைந்து தோன்றுவதைக் காண்போம்.

1873 இற் கிறீன் தாய்நாடு திரும்பினார். தமிழ் வைத்திய வகுப்புகளும் அதன்பின் நெடிது நிலைக்கவில்லை. அவ்வேளையிற் கொழும்பிலே வேறொரு நிறுவனம் தோன்றி வளரத் தொடங்கியிருந்தது.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் திறக்கப்பட்டது. அதன் தோற்றத்துக்கு வட பகுதியே ஒரு காரணமாயிருந்தமை பலர் கருதாத செய்தி. வன்னியிற் பறங்கி நோயாலும் காய்ச்சலாலும் மக்கள் தொகை குறைந்துகொண்டிருந்தது. அதனை ஆராய்ந்து அறிக்கை செய்யுமாறு வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் பணிக்கப்பட்டார். இந்நாட்டவரை வைத்தியராகப் பயிற்ற வேண்டிய அவசியத்தை அவர் அறிக்கை வற்புறுத்தியது. அவரே அப்பாடசாலையின் முதல் அதிபருமானார். அதற்கு முற்பட்ட காலத்தில் அரசினர் மாணவர் சிலரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிக் கற்பித்தனர். வன்னிக் கிராமத்தவரின் துயரம் கொழும்பிலே ஒரு கல்லூரியை எழுப்பியது. அக்கல்லூரியிற் கற்றவர் எத்தனை பேர் வன்னியை நாடினர் என்பது வேறு கேள்வி.

1880 இல் அது கல்லூரி என்னும் நிலைக்கு உயர்ந்தது. 1889 இல் அக்கல்லூரி வழங்கிய எல்.எம்.எஸ். என்னும் சான்றினைப் பிரித்தானியப் பொது வைத்திய மன்றம் ஏற்றுக்கொண்டது. இவ்வாண்டு நம் பொருளில் ஒரு திருப்பமாகும். கொழும்பிற் படித்த ஒருவர் பிரித்தானியாவிலே சட்டப்படி தொழில் புரியலாம் என்னும் நிலை அன்று தொடங்கியது. கிறீனின் மாணவர்க்கு மூடியிருந்த கதவு, கொழும்பு மாணவர்க்குத் திறந்தது. திறந்தவர் இலண்டனில் இருந்தார். வேண்டும்போது மூடும் உரிமையும் அவரிடமே இருந்தது என்பதை அன்று எவரும் பெரிதாக எண்ணியிரார்.

இதன் விளைவு என்ன? கொழும்பிற் பெறும் பட்டம் முதற்படி. எடின்பரோவிலோ இலண்டனிலோ பெறும் எவ்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. ஆகியவை முடிபடி என்னும் எண்ணம் நம் நாட்டு வைத்திய உலகிலே வேரூன்றியது. வெறும் எண்ணமன்று; அரசாங்கத்தின் நியமன முறையும் அவ்வாறே அமைந்தது. சத்திரசிகிச்சை நிபுணராகவோ பொது வைத்திய நிபுணராகவோ பதவி பெற விரும்பியவர் பிரித்தானியத் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது. ஆதலால் இளம் வைத்தியர் படிப்பு விடுமுறை பெற்றும் புலமைப்பரிசில் பெற்றும் கப்பலேறினர். அங்குள்ள வைத்தியசாலைகளிற் கீழ்ப்பதவிகளில் அமர்ந்து இரவு பகலாக உழைத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல் இலண்டனிலே பயின்று மீண்டவர். அக்காலத்தவரிற் பெரும்பாலோர் மீண்டனர். மீள்வதற்கு வலுவான காரணம் ஒன்றிருந்தது: வெளிநாட்டுத் தகுதிக்கு உயர்ந்த பதவியும் மதிப்பும் இந்நாட்டிலேயே காத்திருந்தன. 1942 இல் வைத்தியக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடமாகியபோதும் இவ்வொழுங்கு மாறவில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வைத்தியக் கல்விக்கு இருந்த இடத்தை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலம் சிறிது, நீர் அரிது. கல்வியே முதுசொம் என்று எண்ணிய ஒரு சமுதாயத்திலே 'டொக்டர்' என்னும் சொல்லுக்கு இருந்த விலையை வாசகர் யாவரும் தத்தம் வீட்டிலேயே கண்டிருப்பர். சீதனப் பேச்சிலும் அதன் நிழல் விழுந்தது என்பதை வருத்தத்துடன் குறிப்பிடலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்க வழி திறந்தது. அந்நாட்டு வைத்தியசாலைகள் விரைந்து பெருகின. பட்டம் பெற்றவர் ஒரு வைத்தியசாலையிலேயே தங்கி, மூத்தோர் மேற்பார்வையிற் சில ஆண்டுகள் நோயாளரைப் பார்த்து நிபுணராகும் முறைக்கு வதிவிடப் பயிற்சி என்று பெயர். அத்தகைய இடங்கள் அந்நாட்டுப் பட்டதாரிகளின் தொகையை விஞ்சின. காலியான இடங்களை வெளிநாட்டவரைக்கொண்டு நிரப்பத் தலைப்பட்டனர். வந்தவரின் தகுதியை அளப்பது எங்ஙனம் என்னும் கேள்வி எழுந்தது. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள வைத்தியக் கல்லூரிகளை நேரிற் சென்று பார்ப்பது இயலாத காரியம். ஆகவே கல்லூரியை அளக்காது மாணவனை அளப்பது என முடிவு செய்தனர். 1956 இல் வெளிநாட்டு வைத்தியப் பட்டதாரிகளுக்கான நிறுவனம் ஒன்று அமைந்தது. இ.சி.எவ்.எம்.ஜி. என்னும் எழுத்துகளால் அது இன்றும் வழங்குகின்றது. 1958 மார்ச்சு மாதத்தில் அதன் முதற் பரீட்சை நடைபெற்றது. வைத்திய அறிவும் ஆங்கில அறிவும் அதிற் சோதிக்கப்பட்டன.

பிரித்தானிய வழிக்கும் அமெரிக்க வழிக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. பிரித்தானியர் கொழும்புப் பட்டத்தை ஏற்றனர்; அதனாற் பட்டதாரி யாவரும் ஏற்கப்பட்டனர். அமெரிக்கரோ பட்டத்தை ஒரு நுழைவுச் சீட்டாக மாத்திரம் கொண்டு, ஆளைத் தனித்தனியே நிறுத்தனர். முன்னையது நாட்டுக்கும் நாட்டுக்குமிடையே இருந்த உடன்பாடு. பின்னையது ஒரு தனிமனிதனுக்கும் ஒரு நிறுவனத்துக்குமிடையே உள்ள பரீட்சை. காலப்போக்கிற் பிரித்தானியரும் இரண்டாம் முறையை நாடினர். 1975 இலிருந்து வெளிநாட்டு வைத்தியரின் மொழியறிவையும் தொழிலறிவையும் சோதிக்கும் தேர்வு அங்கும் ஏற்பட்டது. கொழும்புக் கல்லூரிக்கு 1889 இல் திறந்த கதவு அதன்பின் முன்போல அகலத் திறந்திருக்கவில்லை.

இதற்கிடையில் இலங்கை அரசினர் வாளாவிருந்திலர். பொதுப்பணத்திற் படித்த பட்டதாரிகள் பொதுச்சேவையிற் குறித்த காலம் கட்டாயமாக உழைத்தல் வேண்டும் என 1961 ஆம் ஆண்டின் 70 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. இலவசக் கல்வி பெற்றவரிடம் நாடு கைம்மாறு கேட்பது நீதியே. ஆனால் அதே நாடு, பத்தாண்டு கழியுமுன் தமிழ் மாணவருக்கு வேறொரு செய்தியையும் சொல்லிற்று. 1971 இற் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தபோது, வைத்திய பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றியவர் 229 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மொழி மூலம் தோற்றியவர் 250 பெறுதல் வேண்டும் என்றாயிற்று. இருபத்தொரு புள்ளியின் இடைவெளியில் எத்தனையோ மாணவரின் வாழ்க்கை திசை திரும்பியது. 'உன் சேவை எமக்கு வேண்டும்' என்று ஒரு சட்டமும், 'உன் வருகை எமக்கு மிகை' என்று ஒரு விதியும் ஒருங்கே நிற்கும் நாட்டில், வெளியே செல்பவனைக் குறைகூறுவோர் சற்று நின்று சிந்தித்தல் நன்று.

அமெரிக்காவிலே 1965 இன் குடிவரவுச் சட்டம் ஆசிய நாட்டவருக்கு இருந்த பழைய தடைகளை அகற்றியது. வைத்தியர் பெருந்தொகையிற் குடியேறினர். 1976 இல் அந்நாட்டுப் பேரவை, வைத்தியர் பஞ்சம் நீங்கிற்று எனக் கொண்டு வெளிநாட்டு வைத்தியரின் நுழைவைக் கடினமாக்கியது. பஞ்சம் வந்தபோது கதவு திறப்பதும் அது தணிந்தபோது கதவு சாத்துவதும் அழைக்கும் நாடுகளின் இயல்பு. விண்ணப்பிப்பவர் தம் திறமையால் மாத்திரம் வென்றதாகவோ தோற்றதாகவோ எண்ணிக்கொள்வது முழு உண்மையன்று. அவர் பிறந்த ஆண்டுக்கும் அதிற் பங்குண்டு.

வெளியே சென்று பெறும் பயிற்சியை உள்ளேயே தருதல் வேண்டும் என்னும் எண்ணம் எழுபதுகளில் இருவகையில் உருப்பெற்றது. முதலாவது, பட்டப்பின் வைத்தியக் கல்விக்கென 1974 இல் ஒரு நிறுவனம் தோன்றியது. 1980 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் வைத்திய நிறுவனமாக அது நிலைபெற்றது. நிபுணர் பதவிக்கு வேண்டிய தகுதியை இந்நாட்டுப் பரீட்சையினாலேயே பெறும் வழி இதனால் ஏற்பட்டது. எனினும் அந்நிறுவனமும் தன் பயிலுநரை, இறுதிச் சான்று பெறுமுன், ஓராண்டளவேனும் வெளிநாட்டு வைத்தியசாலையிற் பயின்றுவர அனுப்பும் வழக்கத்தைக் கைக்கொண்டது. இதில் முரண் உண்டெனச் சிலர் நகைப்பர். யான் அவ்வாறு கருதேன். கடல் கடந்து கற்பதை ஒழிப்பது அதன் நோக்கமன்று. பயணத்தின் தொடக்கமும் முடிவும் இந்நாட்டிலேயே இருக்குமாறு செய்வதே நோக்கம். செல்லும் வழி மாத்திரமன்று, மீளும் வழியும் விதியிலேயே எழுதப்பட்டது.

இரண்டாவது, 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் வைத்திய பீடம் ஆரம்பமாயிற்று. கைதடியில் இருந்த ஆயுள்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் அதன் தொடக்க நாட்கள் கழிந்தன. மானிப்பாயிலே கிறீனின் வகுப்பு நின்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர், குடாநாட்டு மாணவன் குடாநாட்டிலேயே மேனாட்டு வைத்தியங் கற்கும் நிலை மீண்டும் உண்டாயிற்று. கற்பிக்கும் மொழி மாத்திரம் ஆங்கிலம்.

அப்பீடம் வளருமுன்னரே போர் சூழ்ந்தது. 1983 யூலைக்குப் பின் வெளிநாடு செல்வது பயிற்சிக்கான பயணமாக மாத்திரம் இருக்கவில்லை. உயிர் பிழைப்பதற்கான பயணமுமாயிற்று. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுள்ளேயே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். 1990 இலிருந்து மின்சாரமில்லை. மாணவர் சாம்போத்தல் விளக்கொளியில் உடற்கூற்று நூல்களைப் படித்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்தபோது பீடமும் பெயர்ந்தது. வெளிநாட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தல் என்பது கடிதமும் பணமும் சான்றிதழும் ஒழுங்காகச் சென்று வருவதைப் பொறுத்தது. அவ்வழிகள் யாவும் அடைபட்டிருந்த ஆண்டுகளிலே இங்கிருந்து ஒருவர் அப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தார் என்றால், அவர் எழுதிய கடிதங்களின் தொகையே ஒரு பரீட்சைக்கு ஒப்பாகும்.

இவ்விடத்திலே கலாநிதி ராஜனி திராணகமவைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று 1983 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் சென்று உடற்கூற்றியலில் உயராய்வு செய்தார். போர் மூண்டிருந்தது, அங்கேயே தங்குவதற்கு வேண்டிய காரணங்கள் யாவும் இருந்தன. அவரோ 1986 இல் மீண்டார். யாழ்ப்பாண வைத்திய பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கினார். நடந்தவற்றை எழுதிவைக்கும் பணியிலும் ஈடுபட்டு, பல்கலைக்கழக ஆசிரியர் மூவருடன் சேர்ந்து 'முறிந்த பனை' என்னும் நூலை ஆக்கினார். 1989 செப்டெம்பர் 21 ஆம் நாள், பீடத்திலிருந்து வீட்டுக்கு மிதிவண்டியிற் செல்லுகையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. வெளிநாட்டிற் கற்றவர் மீளுதல் வேண்டும் என்று மேடைகளிற் பேசுவது எளிது. மீண்டவரை இவ்வூர் எவ்வாறு பேணிற்று என்னும் கணக்கும் அப்பேச்சுடன் சேர்த்து எண்ணப்படல் வேண்டும்.

இனி, இற்றை நாளில் ஒரு யாழ்ப்பாணத்துப் பட்டதாரி அமெரிக்க வதிவிடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். இதனை அறியாது கடன்பட்டுத் தொடங்கி இடையில் நின்றவர் உளராதலின், மாணவர்க்கு இது பயன்படும்.

முதற்கண் அவர் கற்ற வைத்திய பீடம் உலக வைத்தியக் கல்லூரிகளின் பதிவேட்டிலே, வேண்டிய குறிப்புடன், இடம்பெற்றிருத்தல் வேண்டும். பின்னர் அவரது பட்டச்சான்று மெய்யானதென்பதை இ.சி.எவ்.எம்.ஜி. நிறுவனம் பல்கலைக்கழகத்திடமே நேரிற் கேட்டு உறுதி செய்யும். அடுத்து, யூ.எஸ்.எம்.எல்.ஈ. எனப்படும் பரீட்சையின் முதற்படியும் இரண்டாம் படியும். 1992 இல் இப்பரீட்சை தொடங்கியதன் பயன், அமெரிக்க மாணவரும் வெளிநாட்டு மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவதாகும். முன்னர் இருவர்க்கும் வெவ்வேறு பரீட்சைகள் இருந்தன. நோயாளராக நடிப்பவரை வைத்தியர் உசாவிப் பார்க்கும் செய்முறைத் தேர்வொன்றும் 2004 இலிருந்து இருந்தது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் மாத்திரம் அது நடைபெற்றது. அதற்கெனவே விசா எடுத்துக் கடல் கடக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் 2020 இல் அது நிறுத்தப்பட்டு, மறு ஆண்டில் முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாகத் தொழிற்றிறனைக் காட்டும் வேறு வழிகளும், வைத்தியர்க்கெனவுள்ள ஆங்கிலப் பரீட்சையும் இப்போது உள்ளன. 2022 சனவரியிலிருந்து முதற்படிக்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை. சித்தி, சித்தியின்மை என்று மாத்திரம் அறிவிக்கின்றனர். உயர்ந்த புள்ளியாற் பிற குறைகளை ஈடுசெய்து வந்த வெளிநாட்டவர்க்கு இஃது ஓர் இழப்பே. அதனால் இரண்டாம் படியின் புள்ளிக்கு முன்னிலும் மதிப்பு மிகுந்துவிட்டது.

செலவு சிறிதன்று. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஆயிரம் டொலர். இந்நாட்டில் உள்ளகப் பயிற்சி பெறும் ஒரு வைத்தியரின் சில மாதச் சம்பளம் அது. அமெரிக்க வைத்தியரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெறுதற்கு அங்கு சென்று சில வாரம் தங்குவோரும் உளர். செப்டெம்பர் மாதத்தில் விண்ணப்பங்கள் மின்வழி செல்லும். எங்கே இடம் கிடைக்கும் என்னும் அச்சத்தினால் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பிப்பதும் வழக்கமாயிற்று. ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை நேர்முகம் நடைபெறும்.

அதன்பின் வருவது, நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்க ஒரு பொருத்தம் பார்த்தல். அமெரிக்கர் வழங்கும் பெயரும் அப்பொருளதே. விண்ணப்பதாரி தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவார். வைத்தியசாலைகளும் தாம் விரும்பும் விண்ணப்பதாரிகளை வரிசைப்படுத்தும். இரு பட்டியல்களையும் கணினி ஒப்புநோக்கும். விண்ணப்பதாரியின் முதல் விருப்பம் முதலிற் கேட்கப்படும்; வைத்தியசாலை அவரைத் தற்காலிகமாக ஏற்று வைத்துக்கொள்ளும்; அதனினும் தான் விரும்பும் வேறொருவர் வரின் முன்னவரை விடும்; விடப்பட்டவர் தம் அடுத்த விருப்பத்தை நாடுவார். இவ்வாறு ஓடி ஓய்ந்தபின், ஒருவரையொருவர் மேலாக விரும்பியும் சேராது போன இணை எதுவும் இராது. இப்பொருத்த முறை 1952 இலிருந்தே நடைபெறுகின்றது. இதன் கணிதத்தை டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்னும் இருவர் 1962 இல் விளக்கியபோது, திருமணத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அல்வின் றோத் என்பார் அம்முறையை ஆராய்ந்து, தொண்ணூறுகளின் இறுதியில் விண்ணப்பதாரியின் விருப்பத்துக்கு முதன்மை தருமாறு திருத்தியமைத்தார். ஷாப்லிக்கும் றோத்துக்கும் 2012 இற் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நம் சாதகப் பொருத்தத்திற் கிரகங்கள் கேட்கப்படுகின்றன. இதில் உரியவர்களே கேட்கப்படுகின்றனர் என்பது வேறுபாடு.

மார்ச்சு மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, எங்கே இடம் என்பது தெரியவரும். அமெரிக்கக் குடியுரிமையில்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளுள், அண்மைய ஆண்டுகளில், பத்துப்பேரில் ஏறக்குறைய அறுவருக்கே இடங் கிடைத்துள்ளது. எஞ்சியோர் மறு ஆண்டை நோக்கியிருப்பர். ஆண்டுகள் கூடக் கூட, பட்டம் பெற்ற நாள் பழையதாகி வாய்ப்புக் குறையும்.

இடங் கிடைத்தவர்க்கு ஒரு கடிதம் இன்னும் வேண்டும். நம் ஆராய்ச்சிக்கு மிக முதன்மையான ஆவணம் அதுவே. பயிற்சிக்குரிய ஜே-1 விசாவைப் பெறுதற்கு, விண்ணப்பதாரியின் தாய்நாட்டுச் சுகாதார அமைச்சு ஒரு தேவைக் கூற்றினை வழங்க வேண்டும். 'இத்துறையிற் பயின்ற நிபுணர் எம் நாட்டுக்கு வேண்டும். பயிற்சி முடிந்ததும் மீள்வதாக இவர் எமக்கு எழுத்தில் உறுதியளித்துள்ளார்' என்பது அதன் சாரம். பயிற்சி முடிந்தபின் ஈராண்டு தாய்நாட்டிற் கழித்த பின்னரே அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற இயலும் என்பது அந்நாட்டு விதி. கிறீன் மொழியாற் செய்ய முனைந்ததையும், 1961 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தாற் செய்ய முனைந்ததையும், இக்கடிதம் ஓர் உறுதிமொழியாற் செய்ய முனைகின்றது.

ஆனால் அவ்விதிக்கு விலக்கும் அந்நாட்டிலேயே உண்டு. வைத்தியர் குறைந்த அமெரிக்கக் கிராமப்புறங்களில் மூன்றாண்டு பணிபுரிய இசைவோர்க்கு ஈராண்டு விதி நீக்கப்படும். செனற்றர் கொன்றாட் என்பார் பெயரால் 1994 இலிருந்து நடைபெறும் திட்டம் இது. இப்போது ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பதின்மருக்கு விலக்குப் பெற்றுக் கொடுக்கலாம். இங்குள்ள கிராமத்துக்கு மீள்வதாக எழுதிக்கொடுத்த வைத்தியர், அங்குள்ள கிராமத்துக்கு உழைப்பதனால் அவ்வெழுத்தினின்றும் விடுதலை பெறுகின்றார். இரு கிராமத்திலும் நோயாளர் உளர். பேரம் பேசும் வலிமை ஒரு கிராமத்துக்கே உண்டு.

பிரித்தானிய வழியில் இத்தகைய விலக்குக்கு இடமில்லாத ஓர் ஏற்பாடு 2009 இல் உண்டாயிற்று. வைத்தியப் பயிற்சி முன்முயற்சி என்னும் அத்திட்டத்திற் சேர்வோர் இரண்டாண்டு பயின்று ஊர் திரும்புதல் வேண்டும். நம் பட்டப்பின் வைத்திய நிறுவனத்தின் பயிலுநர் பலர் அவ்வழியிற் சென்று வருகின்றனர். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் ஒரு விசேட வைத்திய நிபுணரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, அங்கு மாட்டப்பட்டுள்ள சான்றிதழ்களைப் பார்த்தால், ஆங்கில நகரமொன்றின் பெயர் பெரும்பாலும் தென்படும். அவர் மீண்டதனாலேயே நாம் அங்கே காத்திருக்கின்றோம்.

2022 இற் பொருளாதாரம் வீழ்ந்தபோது, அரசு உத்தியோகத்தர் ஐந்தாண்டு வரை சம்பளமின்றி வெளிநாடு சென்று உழைக்கலாம் என இலங்கை அரசினர் சுற்றறிக்கை விடுத்தனர். அந்நியச் செலாவணி அவ்வளவு அரிதாகியிருந்தது. கட்டாயச் சேவைச் சட்டம் இயற்றிய அரசே, அறுபத்தோராண்டின் பின் வெளியே செல்லுமாறு கைகாட்டிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் வைத்தியர் பலர் வெளியேறினர்; மாகாண வைத்தியசாலைகளில் நிபுணர் கதிரைகள் காலியாயின. அதே வேளையில், இன்ன துறையில் நிபுணர் வேண்டும் எனச் சான்றுபகரும் தேவைக் கூற்றுகளும் கொழும்பிலிருந்து வழமைபோல வழங்கப்பட்டுக்கொண்டிருந்தன. அக்கூற்றுகளில் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கிறீன் 1884 இல் வூஸ்டர் நகரிற் காலமானார். தமிழர்க்கு வைத்தியப் பணி புரிந்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று பத்தாண்டு கழிந்தபின்னர், 1883 இல், 'மனுஷ சுகரணம்' என்னும் அவரது தமிழ் உடற்றொழிலியல் நூல் வெளிவந்தது. அதற்குள் மானிப்பாயிலே அந்நூலைப் பாடமாகப் படிப்பதற்கு வகுப்பு இருக்கவில்லை.